ஷார்டு: ஓர் ஆங்கிலச் சில்லை அடிவரை தோண்டுவது எப்படி?

உடைந்த கண்ணாடியின் கூரிய துண்டு, நொறுங்கிய பானையின் ஓடு இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொல் ஷார்டு. எஸ், எச், ஏ, ஆர், டி என்று ஐந்தே எழுத்து. கையகராதியைப் புரட்டினால் 'உடைந்த துண்டு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்திலோ இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது: துண்டு பெயர்ந்துபோன இடம். கத்தியின் வாயில் விழுந்த பல்லும் ஷார்டு, அங்கிருந்து தெறித்த சில்லும் ஷார்டு. பின்னாளில் இடத்தின் பொருள் உதிர்ந்து, துண்டின் பொருள் மட்டும் தங்கிவிட்டது.

சொல்லின் வரலாற்றை முதன்முதலாகத் தேட இறங்குபவருக்கு இது நல்ல பயிற்சிச் சொல். ஒலிமாற்றம், உறவுமொழி, பொருள்மாற்றம், பொய்யான கதை என்று இந்தத் துறையின் எல்லாப் பாடமும் இதற்குள் இருக்கிறது. ஒரு நாள் மாலை போதும், முடித்துவிடலாம்.

தேவையானவை

ஒரு நோட்டு. பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்து வடிவம், காலம், மொழி, பொருள் என்று தலைப்பிடுங்கள். இந்த நான்கும் சேராத எந்தத் தகவலையும் எழுதாதீர்கள். புதியவர்களின் குறிப்பேட்டில் வடிவம் இருக்கும், பொருள் இருக்காது. மொழி இருக்கும், காலம் இருக்காது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எதுவும் உதவாது.

அகராதிகளில், சொற்பிறப்புக் குறிப்போடு வரும் ஆங்கில அகராதி ஒன்று கட்டாயம். நூலகம் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கிடைத்தால் நல்லது; 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து முடிந்த பெரும்பணி அது, இன்று இணையத்தில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. காசில்லாமல் பார்க்க ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி, பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்–டாலர் அகராதி, இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதி ஆகியவை இணையத்தில் உள்ளன. தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். இது எதற்கு என்று தோன்றலாம். கடைசிப் படிகளில் இதைத்தான் அதிகம் திறப்பீர்கள்.

படி 1: எழுத்தையும் ஒலியையும் பிடித்துக்கொள்ளுங்கள்

தமிழ் எழுத்தில் முதல் சிக்கல் இங்கேயே காத்திருக்கிறது. உடைந்த துண்டைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலி 'வண்டி'யில் வரும் மெல்லிய டகரம். குட்டை என்ற பொருள் தரும் சொல்லின் கடைசி ஒலி 'வட்டி'யில் வரும் வல்லிய டகரம். இரண்டையும் 'ஷார்ட்' என்றே எழுதினால் வேறுபாடு மறைந்துபோகும். ஆனால் நமக்கே தெரியாமல் இதற்கு ஒரு வழக்கம் ஏற்கெனவே உண்டு: ரோடு, கார்டு, போர்டு என்று மெல்லொலிக்கு உகரம் சேர்க்கிறோம், ரேட், சார்ட், டிக்கெட் என்று வல்லொலியைப் புள்ளியோடு நிறுத்துகிறோம். அதையே பின்பற்றி உடைந்த துண்டை 'ஷார்டு' என்றும், குட்டையை 'ஷார்ட்' என்றும் எழுதுவோம். படி 5இல் இந்த வேறுபாடு இல்லாமல் ஓரடி நகர முடியாது.

அடுத்து, இந்தச் சொல்லுக்கு இன்னொரு எழுத்துக்கூட்டும் உண்டு: ஏ இருக்கும் இடத்தில் இ போட்டு ஷெர்டு. கிளெர்க் என்று எழுதி பிரிட்டனில் 'கிளார்க்' என்று சொல்வதும், பெர்சன்–பார்சன் என இரட்டையாக நிற்பதும், யூனிவர்சிட்டி சுருங்கி வார்சிட்டி ஆனதும் இதே எ–ஆ ஊசலாட்டம்தான். தேடும்போது இரண்டு வடிவத்தையும் தேடுங்கள். தொல்லியல் அறிக்கைகளில் பானைத் துண்டை ஷெர்டு என்றே எழுதுவார்கள், கண்ணாடிக்கு ஷார்டு. கூட்டுச்சொல்லாக வரும் பாட்ஷெர்டைப் பிரிக்கும்போது கவனம்: பாட், ஷெர்டு. எழுத்தைப் பார்த்துவிட்டு 'பாட்ஸ்–ஹெர்டு' என்று வாசிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

படி 2: இன்றைய பொருளுக்கு வேலி போடுங்கள்

வேரைத் தேடுமுன் இன்று அந்தச் சொல் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று தெரிய வேண்டும். ஷார்டு ஆக வேண்டுமானால் உடைந்த பொருள் விறைப்பானதாக இருக்க வேண்டும். வளையாமல் பட்டென்று உடைய வேண்டும். துண்டுக்குக் கூரிய விளிம்பு இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான், சுட்ட மண், பனிக்கட்டி எல்லாம் பொருந்தும். மரம் நாராகப் பிளக்கும், ஆகவே அது ஸ்ப்ளின்டர். துணியும் தாளும் கிழியும். அது ஷ்ரெட் அல்லது ஸ்க்ராப். ரொட்டி உதிரும், அது க்ரம். இடிந்த கட்டடம் ரபிள். விபத்துக்கும் வெடிப்புக்கும் பின் சிதறிக் கிடப்பதெல்லாம் மொத்தமாக டெப்ரி. எதற்கும் பொதுவாகப் போடக்கூடிய படிப்பாளிச் சொல் ஃப்ராக்மென்ட். ஓவியம், கல்வெட்டு, கவிதை என எதன் சிதைவுக்கும் வரும்.

நிலவியலில் ஷார்டுக்கு ஒரு துல்லியமான பயன்பாடு இருக்கிறது. எரிமலை வெடிக்கும்போது உருகிய பாறைக்குள் நுரைத்த குமிழிகள் உடைந்து, குமிழிச் சுவரின் துணுக்குகள் கண்ணாடியாக உறைகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் வளைந்த விளிம்போடு, மூன்று குமிழி சேர்ந்த இடம் முக்கிளையாகத் தெரியும். அந்தச் சாம்பல் துணுக்குகளுக்கும் ஷார்டு என்றே பெயர். விறைப்பு, கூர்மை என்ற இரண்டு நிபந்தனையும் இங்கேயும் நிறைவேறுவதைக் கவனியுங்கள்.

படி 3: சொற்பிறப்பு வரியை வாசிக்கப் பழகுங்கள்

அகராதியில் சதுர அடைப்புக்குள் வரும் வரி ஏறக்குறைய இப்படிச் சொல்லும்: இடைக்கால ஆங்கில ஷெர்டு, பழைய ஆங்கில ஷெஆர்டு என்பதிலிருந்து, பழைய நார்ஸ் ஸ்கார்து என்பதோடு உறவு. நார்ஸ் என்பது வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் பேசிய மொழி. இதில் 'இருந்து' வேறு, 'உறவு' வேறு. 'இருந்து' என்றால் தாய்–பிள்ளை. 'உறவு' அல்லது 'ஒப்பிடுக' என்றால் உடன்பிறப்பு. நார்ஸ் சொல்லோடு உறவு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு 'வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல்' என்று எழுதுபவர்கள் ஏராளம். ஷார்டை யாரும் கொண்டுவரவில்லை. அது ஆங்கிலத்தின் பிறவிச் சொல். நார்ஸ் சொல் அதன் அண்ணன், தகப்பன் அல்ல.

காலக்கணக்கைத் தோராயமாக நினைவில் வையுங்கள். பழைய ஆங்கிலம் சுமார் 450 முதல் 1150 வரை. இடைக்காலம் 1500 வரை. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக நுழைந்தன. '12ஆம் நூற்றாண்டுக்கு முன்' என்று அகராதி போட்டால் அது பிறந்த தேதி அல்ல. எழுத்தில் முதலில் அகப்படும் காலம் அவ்வளவு பழையது என்று பொருள். சொல்லுக்கு முன்னால் உடுக்குறி (*) இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் இல்லை, ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. அதை நோட்டில் எழுதும்போது உடுக்குறியை விட்டுவிடாதீர்கள். ஊகத்துக்கும் சான்றுக்கும் நடுவில் நிற்கும் ஒரே காவலன் அது.

படி 4: பழைய வடிவத்தின் உள்ளே போய்ப் பாருங்கள்

பாஸ்வொர்த்–டாலரில் எஸ்-எச் என்று தட்டினால் ஒன்றும் வராது. பழைய ஆங்கிலத்தில் ஷகர ஒலியை எஸ்-சி என்று எழுதினார்கள்: கப்பல், மீன், சட்டை எல்லாவற்றிலும் அப்படித்தான். எஸ்-சி-இ-ஏ-ஆர்-டி என்று தேடுங்கள். இடைக்கால அகராதியில் எஸ்-சி-எச் என்றும் முயல வேண்டும்.

கிடைக்கும் பொருள்கள் இவை. பெயர்ச்சொல்லாக: வெட்டு, இடைவெளி, பிளவு, மண்பாண்டத்தின் உடைந்த துண்டு. பெயரடையாக: பல் விழுந்த, உறுப்புக் குறைந்த, இழந்த. பானை ஓட்டுக்கு 'க்ராக்' என்ற பாண்டப் பெயரோடு சேர்த்து ஒரு கூட்டுச்சொல்லும் இருந்தது.

பெயரடையை எளிதில் கடந்து போகாதீர்கள். 937இல் நடந்த ப்ரூனன்பர் போரைப் பாடும் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் இருக்கிறது. தோற்றோடும் ஸ்காட்லாந்து மன்னன் கான்ஸ்டன்டைனை அது 'தன் சுற்றத்தில் ஷெஆர்டு' என்கிறது. உறவினரும் நண்பரும் களத்தில் விழுந்தார்கள். அவன் சுற்றம் பல் உடைந்த வாளைப்போல் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இன்று இதற்கு நேர்ச்சொல் இல்லை. தமிழில் இருக்கிறது: மூளி. விளிம்பு உடைந்த பானை மூளிப்பானை, அறுந்த காது மூளிக்காது, இருக்க வேண்டியது இல்லாமல் நிற்கும் ஆளும் மூளி. பழைய ஆங்கிலப் பெயரடையை மொழிபெயர்க்க வேண்டி வந்தால் 'உடைந்த' என்று போடாமல் மூளியைப் போடுங்கள். பானையிலிருந்து மனிதன் வரை அதே தூரத்தை அதுவும் கடக்கிறது.

படி 5: உறவுமொழிகளோடு ஒலியைப் பொருத்துங்கள்

இதுதான் கணக்குப் போடும் இடம். இரண்டு சொல் உறவா என்று காதால் முடிவு செய்யக்கூடாது. ஒலிகள் ஒழுங்காக ஒன்றுக்கொன்று நிகராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஷார்டுக்கு மிக வசதியான துணை ஒன்று இருக்கிறது: கடினம் என்ற பொருள் தரும் ஹார்டு.

ஆங்கிலத்தில் ஹார்டு, ஜெர்மனில் ஹார்ட், கடைசி ஒலி வல்லிய டகரம், பழைய நார்ஸில் ஹார்தர், அங்கே 'அது' என்பதில் வரும் மெல்லிய தகரம். இப்போது நம் சொல்லை அதன் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஷார்டு, ஜெர்மனில் ஷார்ட்டெ, நார்ஸில் ஸ்கார்து. டகரம் மெல்லிதாக, டகரம் வலிதாக, தகரம் மெல்லிதாக என்று வரிசை பிசகாமல் விழுகிறது. முதல் ஒலியும் சரிதான்: ஆங்கிலமும் ஜெர்மனும் பழைய ஸ்க் ஒலியை ஷ் ஆக்கிவிட்டன, நார்ஸ் அப்படியே வைத்திருந்தது. ஆங்கிலத்தின் ஷர்ட்டும் நார்ஸிலிருந்து வந்த ஸ்கர்ட்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதற்கும் இதே கணக்கு.

ஒலி பொருந்தியாகிவிட்டது, இனிப் பொருள். ஜெர்மன் ஷார்ட்டெ என்றால் கத்தியின் அலகில் விழுந்த பல். செய்த பிழையைச் சரிக்கட்டுவதை அங்கே 'அலகின் பல்லைத் தீட்டிப் போக்குவது' என்று மரபாகச் சொல்வார்கள். கோட்டைச் சுவரில் அம்பும் துப்பாக்கியும் நீட்டும் பிளவுக்கும் அதே சொல்தான். நார்ஸின் வாரிசான ஐஸ்லாந்து மொழியில் ஸ்கார்து என்றால் இடைவெளி, மலைகளுக்கு நடுவே கடக்கும் கணவாய். அந்நாட்டுக் கணவாய்ப் பெயர்கள் பலவற்றின் ஈற்றில் அது நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தோர்கில்ஸ் என்பவருக்கு ஸ்கார்தி என்று பட்டப்பெயர். பிறவியிலேயே உதடு பிளந்திருந்தது.

அலகின் பல், மலையின் கணவாய், உதட்டின் பிளவு என்று உடன்பிறப்புகள் எல்லாம் வெற்றிடத்தின் பக்கமே நிற்கின்றன. விழுந்த துண்டை இறுகப் பிடித்துக்கொண்டது ஆங்கிலம். இந்த இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவது ஜெர்மன் ஷெர்பெயில். இன்றைய ஜெர்மனில் கண்ணாடிச் சில்லுக்கு அதுதான் சொல். பொருள் அச்சாகப் பொருந்துகிறது என்று அதையே ஷார்டின் நேர் உடன்பிறப்பாக எழுதிவிடுவார்கள். ரகரத்துக்குப் பின் டகரம் வர வேண்டிய இடத்தில் பகரம் நிற்பதைப் பார்க்க மாட்டார்கள். பொருள் ஒத்து ஒலி ஒத்துவராவிட்டால் நேர் உறவில்லை. அவ்வளவுதான்.

படி 6: வேரும் கிளைகளும்

ஆங்கிலம், ஜெர்மன், நார்ஸ் மூன்றுக்கும் பொதுவான ஜெர்மானியத் தாய்மொழிக்கு மீட்டெடுத்த வடிவம் *ஸ்கார்தஸ். அதற்கும் கீழே, ஐரோப்பிய, வட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பியத்தின் வேர் *ஸ்கெர், வெட்டுவது என்று பொருள். இங்கே வந்ததும் பல கதவு ஒரே நேரத்தில் திறக்கும். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் ஷியர். வெட்டிப் பிரித்த பங்கு என்பதால் ஷேர். பங்குச் சந்தையில் வாங்குவதும் விற்பதும் அதுதான். மண்ணை வெட்டும் ஏரின் கொழுவும் ஷேர். குட்டையாக வெட்டிய ஆடை ஷர்ட். வெட்டிக் குறைத்ததால் ஷார்ட். படி 1இல் நம்மைக் குழப்பிய இரண்டு சொல்லும் கடைசியில் பங்காளிகள் என்பது ஒரு வேடிக்கை.

ஸ்கோர் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்ஸிலிருந்து வந்தது, கணக்குக் கழியில் வெட்டும் கீறல், இருபது என்ற இரண்டு பொருளும் அங்கேயே இருந்தன. இருபதுக்கு ஒரு கீறல் என்று கழியில் வெட்டி எண்ணிய பழக்கம். கிரிக்கெட்டின் தொடக்க காலத்திலும் ஓட்டங்களைக் கழியில் வெட்டிக் குறித்ததால் ஓட்டத்துக்கே 'வெட்டு' என்று பொருள்படும் நாட்ச் என்ற பெயர் இருந்தது. இன்று திரையில் ஓடும் ஸ்கோரும் ஒரு கழியின் மூளிதான்.

படி 7: பொய் உறவுகளைக் கழித்துவிடுங்கள்

தழும்பு என்ற பொருள் தரும் ஸ்கார். வெட்டினால் வருவது தழும்பு, ஒலியும் ஸ்க் என்று தொடங்குகிறது, ஆகவே இந்தக் குடும்பம்தான் என்று தோன்றும். இல்லை. அது கிரேக்க எஸ்காரா, அடுப்பு. தீப்புண்ணின் பொருக்குக்குப் பெயராகி, லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்க் மாறாமல் நிற்பதே எச்சரிக்கை மணி: பிறவி ஆங்கிலச் சொல்லாக இருந்தால் ஷ் ஆகியிருக்கும். ஸ்க் தெரிந்தால் நார்ஸ், லத்தீன், கிரேக்கம், டச்சு என்று வெளியே தேடுங்கள்.

ஓடு என்ற பொருள் தரும் ஷெல் இன்னொன்று. இதுவும் வெட்டு, பிரி என்ற பொருளுள்ள வேரிலிருந்துதான். ஆனால் அந்த வேரில் இருப்பது லகரம், *ஸ்கெல். ரகரமும் லகரமும் அடுத்தடுத்த வீடு என்பதால் ஒரே குடும்பம் ஆகிவிடாது.

தமிழர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஷியரைப் பார்த்ததும் 'சிரை' நினைவுக்கு வரும். மயிர் நீக்குவது என்ற பொருளும் பொருந்தும். வேரில் முன்னால் நிற்கும் ஸகரத்தை உதறிவிட்டால் 'கீறு'கூடக் கண்ணுக்குத் தெரியும். ஆசை விடாது. ஆனால் ஷியரின் ஷகரம் ஆங்கிலத்துக்குள் பின்னால் வந்தது. அதற்கு முன் அது ஸ்க். அந்தக் காலத்து வடிவத்தைச் சிரையோடு ஒப்பிட்டால் ஒற்றுமை பாதி கரைந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு சோதனை: ஆங்கிலத்தில் ஷகரம் வரும் மற்றப் பிறவிச் சொற்களுக்கும் தமிழில் சகரத்தோடு அதே பொருளில் சொல் இருக்கிறதா? ஒரு பத்து இணையாவது வரிசையாகக் கிடைக்காதவரை சிரையும் ஷியரும் தற்செயல்.

மூன்றாவது வகைக் கண்ணி உரையாசிரியர்கள் வைப்பது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் மூன்றாம் அங்கத்தில் ஒரு வண்டு இரைந்தபடி பறக்கிறது. அதற்கு அடைமொழி ஷார்டு-போர்ன். செதில்போன்ற இறக்கையுறையால் சுமக்கப்படுவது என்று ஒரு கட்சி. சாண வட்டில் பிறந்தது என்று இன்னொரு கட்சி. இரண்டாவதற்கு அடிப்படை, சாணத்துக்கு ஷார்டு என்ற பெயர் வட்டார வழக்கில் இருந்தது. உருவத்தில் ஒன்று, சொல்லில் வேறு. வண்டின் இறக்கையுறை என்று இன்றைய அகராதிகளில் ஒரு பொருள் காணப்படுவதற்கு இந்த வரியை வாசித்த விதம்தான் பெரும்பாலும் காரணம். நோட்டில் இந்தப் பொருளைத் தனி வரியில், எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு எழுதுங்கள். பானை ஓட்டோடு கலக்காதீர்கள்.

படி 8: பொருள் நடந்த பாதையை வேறு மொழியில் சோதியுங்கள்

ஒரு பொருள்மாற்றம் நம்பத்தக்கதா என்று தெரிந்துகொள்ள, வேறு மொழிகளில் உறவே இல்லாத சொற்களிலும் அதே மாற்றம் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இங்கேதான் தமிழ் லெக்சிகன். 'ஓடு' என்ற தலைச்சொல்லைத் திறங்கள்: உடைந்த மண்கலத் துண்டு, கூரை ஓடு, ஆமை ஓடு, முட்டை ஓடு, மண்டையோடு, இரப்பவரின் திருவோடு. ஷார்டுக்கும் பழைய ஆங்கில நூல்களில் ஓடு, செதில் என்ற பொருள் உண்டு. கிரேக்க ஆஸ்ட்ரகான் பானை ஓட்டையும் சிப்பி ஓட்டையும் ஒருங்கே குறித்தது. ஏதென்ஸில் கி.மு. 487 முதல், ஊருக்கு ஆபத்து என்று கருதியவரின் பெயரை மக்கள் பானை ஓட்டில் கீறிப் போட்டு அவரைப் பத்தாண்டுக்கு வெளியேற்றினார்கள். ஒதுக்கிவைப்பதை ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரசைஸ் என்பது அதனால்தான். லத்தீன் டெஸ்டா மண்கலம், ஓடு என்ற பொருளிலிருந்து மண்டையோட்டுக்குப் போய், பிரெஞ்சில் தேத் என்று தலைக்கே பெயரானது. தமிழில் மண்டை பழைய நூல்களில் இரப்போர் ஏந்தும் கலம்; இன்று தலை.

நான்கு மொழி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. கெட்டியாக, வளைவாக, மெலிதாக இருக்கும் எதையும் மனிதர்கள் பானையோடு சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். இந்த ஒற்றுமையைச் சொல் உறவு என்று எழுதிவிடாதீர்கள். பாதைதான் ஒன்று, நடந்தவர்கள் வேறு வேறு.

படி 9: புதுப் பொருளின் கதையைச் சந்தேகத்தோடு கேளுங்கள்

லண்டனில் சுமார் 310 மீட்டர் உயரத்தில் கூம்பாக நிற்கும் கண்ணாடிக் கோபுரத்தின் பெயர் தி ஷார்டு. ரென்சோ பியானோ வடிவமைத்தது, 2012இல் திறக்கப்பட்டது. பழைய நகரத்தின் நெஞ்சில் குத்தும் கண்ணாடிச் சில்லு என்று எதிர்த்தவர்கள் வைத்த உவமையே பெயராக ஒட்டிக்கொண்டதாகப் பரவலாகச் சொல்வார்கள். வசவு பெயராவது ஆங்கிலத்தில் புதிதல்ல.

கணினித் துறையில் ஷார்டு என்றால் பெரிய தரவுத்தளத்தை வரிசை வரிசையாகப் பிரித்து, தனித்தனி சர்வர்களில் வைக்கும் பகுதி. உதாரணமாக, முதல் பத்து லட்சம் பயனர் ஒரு சர்வரில், அடுத்த பத்து லட்சம் இன்னொன்றில். இந்தப் பெயருக்கு இரண்டு கதை உலவுகிறது. ஒன்று, 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டு: ஒரே உலகம் ஏன் பல சர்வர்களில் இருக்கிறது என்பதற்கு, மாயக்கல் ஒன்று உடைந்தது, ஒவ்வொரு சில்லிலும் உலகத்தின் ஒரு படி தங்கிவிட்டது என்று கதை கட்டினார்கள். இரண்டாவது, 1980களின் இறுதியில் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஓர் அமைப்பின் முதலெழுத்துப் பெயர் ஷார்டு. இரண்டையும் எடைபோட ஒரு குறிப்பு: இரண்டிலும் பேசப்படுவது ஒரே தரவின் பல படிகள். இன்றைய ஷார்டிலோ ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு தரவு. ஆகவே எந்தக் கதையை ஏற்றாலும் நடுவில் ஒரு பொருள்மாற்றத்தைக் காட்டியாக வேண்டும். காட்டாமல் 'விளையாட்டிலிருந்து வந்தது' என்று முடிப்பவர் பாதி வேலையை விட்டுவிட்டார்.

படி 10: தமிழில் எழுதும்போது

எது உடைந்தது என்று முதலில் கேளுங்கள். கண்ணாடி, பீங்கான் என்றால் சில்லு. பானை என்றால் ஓடு. தொல்லியலில் பானை ஓடு, அதிலும் வாய்ப்பகுதி என்றால் விளிம்பு ஓடு என்று பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் விளிம்பின் வளைவை வைத்துத்தான் முழுப்பானையின் வாயகலத்தைக் கணிக்கிறார்கள். மரத்துக்குச் சிராய் அல்லது சிலாம்பு. கட்டடத்துக்கு இடிபாடு. கத்தியின் வாயில் விழுந்தது பல். எல்லாவற்றுக்கும் 'துண்டு' போட்டால் தப்பில்லை. ஆனால் துண்டு வெட்டியதாகவும் இருக்கலாம், தோளில் போடுவதாகவும் இருக்கலாம்.

கணினிக் கட்டுரையில் மட்டும் சில்லைத் தொடாதீர்கள். மின்னணுவில் சிப்புக்குச் சில்லு என்பது நிலைத்துவிட்டது. தரவுத்தளத்தைச் சில்லாகப் பிரித்தோம் என்று எழுதினால் வாசகர் வன்பொருளைத் தேடுவார். 'தரவுக் கூறு' என்று ஒருமுறை விளக்கி, பிறகு ஷார்டு என்றே எழுதிப் போவது மேல்.

இதே பத்துப் படியையும் வைத்து அடுத்து எடுத்துப் பார்க்க இரண்டு சொல். ஒன்று டெப்ரி. கடைசியில் எஸ் எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். அந்த ஊமை எழுத்தே பிரெஞ்சு என்று காட்டிக்கொடுக்கும். உடை என்ற பொருளுள்ள பிரெஞ்சு ப்ரிஸேயிலிருந்து பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பாஸ்வொர்த்–டாலரில் இதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டாவது ஸ்மிதரீன்ஸ். இதற்கு ஆங்கிலத்தில் ஒருமை வழக்கில் இல்லை. உடைந்து ஸ்மிதரீன்ஸ் ஆனது என்ற தொடரில்தான் வாழ்கிறது, நம் சுக்குநூறு மாதிரி. கடைசியில் வரும் 'ஈன்' ஐரிஷ் மொழியின் குறுமை விகுதி. துண்டு என்று பொருள்படும் ஐரிஷ் ஸ்மிதருக்கு அந்த விகுதியைச் சேர்த்த ஸ்மிதிரீன்தான் இதன் பக்கத்து வீடு. நோட்டின் மூன்றாம் பத்தியில் ஐரிஷ் என்று எழுதிவிட்டு, 19ஆம் நூற்றாண்டிலிருந்து பின்னோக்கித் தேடத் தொடங்குங்கள்.